அணு ஆயுத ஒழிப்பில் இந்தியாவின் நிலைப்பாடு: ஒரு சந்தேகம்

நண்பர்களே, கட்டுரை எழுதும்போது ஓரிடத்தில் சிக்கிக்கொண்டேன். 1967-க்கு முன் அணுகுண்டு வெடித்துப் பார்த்த ஐந்து நாடுகள் மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் கூடாது என்று ஆளுக்கொரு நியாயம் பேசுவதால் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் (NPT) இந்தியா கையெழுத்திடவில்லை. அது புரிகிறது. 1988-ல் ராஜீவ் காந்தி, 2010-க்குள் அணு ஆயுதங்களை முற்றாக ஒழிக்க ஐ.நா.வில் திட்டமே வைத்தார். (பத்தே ஆண்டில் பொக்ரான் வெடித்தது வேறு கதை!) ஆனால் 2017-ல் எல்லோருக்கும் ஒரே விதி என்று, அணு ஆயுதங்களையே முழுவதுமாகத் தடைசெய்யும் வேறொரு ஒப்பந்தம் வந்தபோது, அந்தப் பேச்சுவார்த்தைக்கே நாம் போகவில்லை. பாகுபாடில்லாத ஒப்பந்தம்தானே கேட்டோம்? ஜெனீவா ஆயுதக் குறைப்பு மாநாட்டில்தான் பேச வேண்டும், நாடுகள் சொன்னபடி நடக்கின்றனவா என்று பார்க்கும் சரிபார்ப்பு ஏற்பாடு வேண்டும் என்ற அரசின் பதிலைப் படித்தேன். எனக்கு முழுசாக ஒட்டவில்லை. வெளியுறவு விவகாரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்களேன். தமிழில் நல்ல புத்தகம் இருந்தாலும் சொல்லுங்கள்.