கால் மிதிக்கிற வரை ட்ரோலிங், கால் நின்றால்? கயாக்கில் சால்மன் பிடிப்பவர்களுக்கு ஒரு கேள்வி

பெடல் பாண்டி:
2025 ஜூன் 7, சனிக்கிழமை. அதற்கு முந்தைய இரண்டு வருடமும் கலிபோர்னியாக் கடலில் சால்மன் பிடிக்கவே தடை. அந்த ஜூனில்தான் 7, 8 என்று இரண்டு நாள் திறந்தார்கள், மாநிலம் முழுவதற்கும் 7,000 மீன் என்ற கணக்கோடு. விடியும் முன்பே மாஸ் லேண்டிங் துறைமுகத்தில் கயாக்கை, அதாவது பெடல் மிதித்து ஓட்டும் என் சின்னப் படகை, இறக்கிவிட்டேன். இரை நெத்திலி. ஜே வடிவக் கொக்கி இரண்டு. நுனிக்குக் கீழே பின்பக்கம் பார்த்து நிற்குமே சின்ன முள், பார்ப் என்பார்கள், அதை இரண்டிலும் கட்டிங் பிளேயரால் நசுக்கியாயிற்று.

ஒன்றரை மணி நேரம் மிதித்தேன். கால் கடுத்தது. மிதிப்பதை நிறுத்தித் தயிர்சாத டப்பாவைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து ரோந்துப் படகு. அதிகாரி கொக்கியை ஒரு துணியில் இழுத்துப் பார்த்தார், சிக்கவில்லை. அடுத்து, "நீ இப்போது ட்ரோலிங் செய்கிறாயா, மூச்சிங் செய்கிறாயா?" என்றார். என் வாயில் சோறு. பதில் சொல்வதற்குள் அவரே சொன்னார்: "மிதந்துகொண்டிருக்கிறாய். இரை போட்டிருக்கிறாய். அப்படியென்றால் இது வட்டக் கொக்கியாக இருக்க வேண்டும்." எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்.

புதியவர்களுக்காக: ஓடிக்கொண்டே இரையை இழுத்துப் போவது ட்ரோலிங். நீரோட்டத்தோடு மிதந்தபடி இரையைத் தொங்கவிடுவது மூச்சிங். நான் கேட்பது ஒன்றுதான். ஒன்றரை மணி நேரம் ட்ரோலிங் செய்தவன் பத்து நிமிடம் கால் ஆறினால் வேறு ஆளாகிவிடுவானா? மோட்டார் படகை மனதில் வைத்து எழுதிய விதியை எங்கள் தலையில் கட்டுகிறார்கள்.

சட்டப்புள்ளி:
மோட்டார் என்று விதியில் எங்கே இருக்கிறது? மாநில விதித் தொகுப்பில் தலைப்பு 14, பிரிவு 27.80. அதில் ட்ரோலிங் என்பதற்கு விளக்கமே கொடுத்திருக்கிறார்கள். படகோ மிதக்கும் சாதனமோ, ஏதாவது ஒரு சக்தியால் முன்னேறிக்கொண்டிருக்க வேண்டும். நீரோட்டமும் காற்றும் தள்ளிப் போவது கணக்கில் சேராது. உன் காலும் ஒரு சக்திதான், அதனால்தான் அந்த ஒன்றரை மணி நேரம் உன்னை யாரும் கேட்கவில்லை. கால் நின்றதும் அதே வரி உனக்கு எதிராகத் திரும்புகிறது, அவ்வளவுதான்.

மிச்சத்தையும் படி. கரையில் வடக்கே ஹார்ஸ் மவுண்டனுக்கும் தெற்கே பாயின்ட் கன்செப்ஷனுக்கும் இடையே, இரை போட்டு, ட்ரோலிங் அல்லாத எந்த வழியில் பிடித்தாலும் பார்ப் இல்லாத ஒற்றை நுனி வட்டக் கொக்கிதான். அதிகபட்சம் இரண்டு. மாஸ் லேண்டிங் இந்த எல்லைக்கு நடுவில் இருக்கிறது.

பெடல் பாண்டி:
சரி, மோட்டார் படகுக்காரன் மீன் மாட்டியதும் எஞ்சினை நியூட்ரலில் போட்டுவிட்டு வலையை எடுக்கிறான். அப்போது அவனும் மூச்சிங்தானா? அவனிடம் போய் யாரும் கேட்பதில்லையே.

சட்டப்புள்ளி:
மாட்டிய மீனை ஏற்றுவதும் மாட்டாத இரையைத் தொங்கவிட்டுச் சாப்பிடுவதும் ஒன்றா? சாப்பிடும்போது நூலைச் சுருட்டி வைத்திருந்தால் இந்தப் பேச்சே கிடையாது.

மணக்குடிக்காரன்:
விதியை இரண்டு பேரும் வரி வரியாகப் பிய்க்கிறீர்கள். அது எதற்கு வந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஓடும் இரையை சால்மன் பாய்ந்து கடிக்கும். கொக்கி பெரும்பாலும் தாடையில் ஏறும். மிதக்கும் இரை அப்படி இல்லை. மீன் நிதானமாக வாய்க்குள் வாங்கி விழுங்குகிறது, ஜே கொக்கி தொண்டை, வயிறு வரை போய்விடுகிறது. நூலை அறுத்து மீனைக் கடலில் விட்டால் பிழைக்குமா? இந்தக் கடலில் கோஹோ சால்மனை வைத்துக்கொள்ளவே கூடாது, விட்டாக வேண்டும். சாக்ரமென்டோ ஆற்றின் குளிர்கால சினூக் சால்மன் 1994-லேயே அழியும் நிலையில் உள்ள இனம் என்று பட்டியலில் ஏறிவிட்டது. தண்ணீருக்கு மேலே மீன் வரும்வரை எது வந்திருக்கிறது என்று நமக்கே தெரியாது. கோஹோவுக்குக் கீழ்த்தாடை ஈறு வெளுப்பாக இருக்கும், சினூக்குக்குக் கறுப்பு. அதைப் பார்க்க வாயைத் திறக்கும்போது கொக்கி வயிற்றில் இருந்தால் ஈறு எந்த நிறமாக இருந்து என்ன?

வட்டக் கொக்கியின் நுனி உள்பக்கமாகத் தண்டைப் பார்த்துத் திரும்பியிருக்கும். விழுங்கினாலும் நூல் இறுகும்போது வழுக்கி வந்து பெரும்பாலும் வாயோரத்தில்தான் பிடிக்கும்.

இன்னொன்று, நீங்கள் கயாக்கில் இருக்கிறீர்கள். மீன் துள்ளுவது உங்கள் மடியில். நான் ஒரு தடவை சால்மனை வலையோடு காலுக்கு நடுவே இறக்கினேன். அது உதறியதில் கீழ்க் கொக்கி என் கட்டைவிரலில் ஏறியது. மேல் கொக்கி இன்னும் மீனின் வாயில். அது ஒவ்வொரு தடவை துள்ளும்போதும் விரல் கூடவே போனது. பார்ப் நசுக்கியிருந்ததால் போன வழியே உருவி எடுத்தேன், இரண்டு சொட்டு ரத்தத்தோடு முடிந்தது. ஊரில் என் சித்தப்பாவுக்கு இதே மாதிரி ஏறியதை, நுனியை மறுபக்கம் தள்ளி வெளியே கொண்டுவந்து, பார்ப்பை வெட்டிய பிறகுதான் எடுத்தார்கள். பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். பார்ப்பை நசுக்கச் சொல்லி விதி இல்லையென்றாலும் நசுக்குவேன்.

பெடல் பாண்டி:
பார்ப் விஷயத்தில் எனக்குச் சண்டையே இல்லை அண்ணே. வட்டக் கொக்கியில்தான். ட்ரோலிங்கில் அதைப் போட்டால் கடி வருகிறது, மீன் நிற்பதில்லை. ஓடும்போது ஜே, நிற்கும்போது வட்டம் என்று கடல் நடுவே நூல் மாற்றிக்கொண்டிருக்கவா? இன்னொரு தூண்டிலில் கட்டிப் போடலாம் என்றால், சால்மனுக்கு ஆளுக்கு ஒரு தூண்டில்தான்.

மணக்குடிக்காரன்:
கடி வந்ததும் சுண்டுகிறாயா?

பெடல் பாண்டி:
சுண்டாமல் எப்படி?

மணக்குடிக்காரன்:
அதுதான் கோளாறு. வட்டக் கொக்கியைச் சுண்டினால் மீன் வாயிலிருந்து வெளியே இழுத்துவிடுவாய். தடியைத் தாங்கியிலேயே விடு. வளையட்டும். மிதித்துக்கொண்டே இரு, நூல் தானாக இறுகும். நன்றாக வளைந்த பிறகு கையில் எடு. ட்ரோலிங்கில் வட்டக் கொக்கி போடக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. ஒரே கட்டு இரண்டுக்கும் ஆகும். கால் நின்றாலும் யாரும் கேட்க முடியாது.

ஈயக்குண்டு:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். விதி "இரை போட்டால்" என்றுதானே சொல்கிறது? இரையே இல்லாமல் உலோக ஜிக், அதாவது உலோகத்தில் செய்த போலி இரை, இறக்குங்கள். மிதந்துகொண்டே பிடிக்கலாம், வட்டக் கொக்கி தேவையில்லை. நான் அப்படித்தான் பிடிக்கிறேன், நெத்திலி நாற்றமும் மிச்சம்.

சட்டப்புள்ளி:
சொன்னது சரி. ஆனால் கடையில் வாங்கும் ஜிக்கில் மூன்று நுனிக் கொக்கிதான் பெரும்பாலும் தொங்கும். கழற்றிவிட்டு பார்ப் இல்லாத ஒற்றைக் கொக்கி மாட்டினீர்களா?

ஈயக்குண்டு:
சால்மனுக்குப் போகும்போது மாற்றிவிடுவேன். சால்மன் கிடைத்த பிறகு திரும்பும் வழியில் பாறை மீனுக்குப் பழைய ஜிக்கைப் போடுவேன்.

சட்டப்புள்ளி:
மாட்டிக்கொள்வீர்கள். படகில் ஒரு சால்மன் இருந்தால், அதன் பிறகு எந்த மீனைப் பிடித்தாலும் அதே பார்ப் இல்லாத ஒற்றை நுனிக் கொக்கி இரண்டுக்கு மேல் போகக் கூடாது, தூண்டிலும் ஒன்றுதான். விதியில் "மிதக்கும் சாதனம்" என்றும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள், ஆகவே கயாக் என்று தப்பிக்க முடியாது. சால்மனைக் கரையில் வைத்துவிட்டுத் திரும்பப் போனால் வேறு கதை.

ஈயக்குண்டு:
இது தெரியாது. நல்லவேளை, இதுவரை யாரும் என் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை.

பெடல் பாண்டி:
நேற்று ராத்திரி உட்கார்ந்து வட்டக் கொக்கி கட்டினேன். இரண்டு கொக்கிக்கும் நடுவே சரியாக ஐந்து அங்குலம். இப்போதாவது ஒத்துக்கொள்வீர்களா?

சட்டப்புள்ளி:
எங்கிருந்து எங்கே அளந்தாய்?

பெடல் பாண்டி:
மேல் வளைவிலிருந்து கீழ் வளைவு வரை.

சட்டப்புள்ளி:
தப்பு. மேல் கொக்கியில் நூல் கோக்கும் காதின் உச்சியிலிருந்து கீழ்க் கொக்கி வளைவின் உட்புறம் வரைதான் ஐந்து அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். நீ அளந்தபடி பார்த்தால் மேல் கொக்கியின் நீளம் முழுதும் கூடுதலாக வரும். மேல் கொக்கி நூலில் நகருகிறதா?

பெடல் பாண்டி:
இரையின் அளவுக்கு ஏற்ப நகர்த்திக்கொள்ளலாம் என்று அப்படிக் கட்டினேன்.

சட்டப்புள்ளி:
அதுவும் ஆகாது. இரண்டும் நகராமல் இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். சின்ன நெத்திலிக்கு ஒரு கட்டு, பெரியதுக்கு ஒரு கட்டு என்று வீட்டிலேயே போட்டு எடுத்துப் போ.

பெடல் பாண்டி:
பத்துக் கட்டு போட்டிருக்கிறேன் ஐயா. பத்தையும் அவிழ்க்க வேண்டும். கால் ஆறுவது ட்ரோலிங் ஆகாது என்பதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணே, மேல் கொக்கி நகராமல் இருக்க எந்த முடிச்சுப் போடுவீர்கள்? படம் இருந்தால் போடுங்கள்.

மணக்குடிக்காரன்:
ஸ்நெல் முடிச்சு. தண்டோடு ஏழெட்டுச் சுற்று சுற்றி, இறுக்கும் முன் எச்சிலால் நனைத்துக்கொள். சாயங்காலம் படம் எடுத்துப் போடுகிறேன்.