மதுரையிலேயே கேம் ஸ்டுடியோவை வளர்க்க முடியுமா, பெங்களூருக்குப் போக வேண்டுமா?

வைகைக்கரை பிக்சல் (கேள்வி)

வணக்கம். மதுரை கே.கே.நகரில் ஒரு மாடியில் நாங்கள் 6 பேர் மொபைல் கேம் செய்கிறோம். 3 வருடம் ஆகிறது. வருமானத்தில் முக்கால் பங்கு வெளிநாட்டு ஸ்டுடியோக்களுக்கு 2டி ஆர்ட் செய்துகொடுப்பதில் வருகிறது. மீதி, எங்கள் சொந்த கேம்கள் இரண்டில்: ஒரு பல்லாங்குழி, ஒரு நூல் பிரிக்கும் புதிர்.

பல்லாங்குழியைத்தான் உயிரைக் கொடுத்துச் செய்தோம். என் அப்பத்தா 14 குழியிலும் புளியங்கொட்டை போட்டு ஆடுவதை வீடியோ எடுத்து, கொட்டை விழும் சத்தத்தைக்கூட அவர் பலகையிலிருந்தே பதிவு செய்தோம். தமிழ்நாட்டில் நன்றாகப் பரவியது. ‘எங்க ஆச்சி ஞாபகம் வந்துருச்சு’ என்று ஒருவர் எழுதியதைப் படித்துக் கண் கலங்கினேன். ஆனால் விளம்பர வருமானம் ஒரு ஆள் சம்பளத்துக்குக்கூடக் காணவில்லை. பாதி உழைப்பில் செய்த நூல் புதிரை அமெரிக்காவில் சில ஆயிரம் பேர் விளையாடுகிறார்கள், அதில் வருவது இதைவிட அதிகம்.

பெரிய கவலை ஆட்கள்தான். கல்லூரி முடித்து வந்த ஒரு தம்பிக்கு ஒன்றரை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து யூனிட்டி (கேம் உருவாக்கும் மென்பொருள்) சொல்லிக்கொடுத்தேன். பெங்களூரில் இரண்டு மடங்கு சம்பளம் கிடைத்தது, போய்விட்டான். நானே மாட்டுத்தாவணியில் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அடுத்த மாதம் ஆர்ட்டிஸ்ட் ஒருவரும் கிளம்பினார்.

இப்போது ஒரு வாடிக்கையாளர் பெரிய வேலை தருகிறேன் என்கிறார். எடுத்தால் 15 பேராக வேண்டும். எடுத்து இங்கேயே வளர்வதா, பெங்களூரில் ஒரு சின்ன அலுவலகம் போடுவதா? ஊரை விட்டுப் போக எனக்கு மனமில்லை. ஆனால் என் மனசை மட்டும் பார்த்து மற்ற 5 பேர் பிழைப்பை முடிவு செய்யவும் கூடாது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பீளமேட்டுக்காரி

தம்பி, கோவையில் நான் 10 வருடமாக இதே தொழிலில் இருக்கிறேன். இப்போது 19 பேர். உங்கள் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எனக்கும் அப்படி ஒரு பெரிய வேலை வந்தது, எடுத்தேன். ஒரே வாடிக்கையாளரை நம்பி 9 பேரைச் சேர்த்தேன். ஏழாவது மாதம் அவர்கள் தங்கள் கேமையே நிறுத்திவிட்டார்கள். நகையை அடகு வைத்து இரண்டு மாதம் சம்பளம் போட்டேன், அப்புறம் 7 பேரை அனுப்ப வேண்டியதாகிவிட்டது. பெருநகரத்தில் என்றால் அவர்கள் அடுத்த தெருவில் வேறு வேலை பார்த்துக்கொள்வார்கள். நம் ஊரில் கேம் வேலைக்கு அடுத்த தெரு கிடையாது. அதில் ஒரு பெண்ணின் அம்மாவை உழவர் சந்தையில் பார்த்தேன். ‘நல்லா இருக்கீங்களாம்மா’ என்றுதான் கேட்டார். எனக்குப் பேச்சே வரவில்லை.

அன்று முதல் எந்த வாடிக்கையாளரும் மொத்த வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட விடுவதில்லை. மூன்று மாதச் சம்பளம் வங்கியில் இல்லாமல் புது ஆள் எடுப்பதும் இல்லை. இதனால் மெதுவாகத்தான் வளர்ந்தோம்.

ஆட்கள் விஷயம். விட்டுப்போன மூன்று பேரைக் கூப்பிட்டு, காபி வாங்கிக்கொடுத்து, ஏன் போனீர்கள் என்று கேட்டேன். சம்பளத்தை எல்லோரும் சொன்னார்கள். ஆனால் இரண்டு பேர் இன்னொன்றும் சொன்னார்கள்: ‘எனக்கு மேலே கத்துக்க இங்க யாரும் இல்லக்கா.’ அதுதான் என்னை உலுக்கியது. பிறகு ஹைதராபாத்தில் இருக்கும் அனுபவசாலியான அனிமேட்டர் ஒருவருக்குக் காசு கொடுத்து, மாதம் இரண்டு முறை எங்கள் பிள்ளைகளின் வேலையை ஆன்லைனில் பார்த்துத் திருத்தச் சொன்னேன். சொந்த கேம் ஒவ்வொன்றிலும் செய்தவர்கள் பெயர் வரும். அந்த கேம் சம்பாதிக்கும்வரை நிகர வருமானத்தில் 10 சதவீதம் அதைச் செய்தவர்களுக்குப் போகும். தொகை பெரிதில்லை, ஆனாலும் அது வந்த பிறகு அவர்களே காலையில் வந்ததும் ரிட்டென்ஷன் எண்ணைத்தான் (விளையாடியவர்களில் எத்தனை பேர் திரும்ப வருகிறார்கள் என்பதை) முதலில் பார்க்கிறார்கள்.

புதிதாகப் படித்து வந்தவர்களை மட்டுமே எடுக்காதீர்கள். பெங்களூரிலும் சென்னையிலும் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று ஊர் திரும்ப நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் லீட் புரோகிராமர் அப்படிப் பொள்ளாச்சிக்குத் திரும்பியவர். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்ட ஆர்ட்டிஸ்ட் இருவர் காலை 9:30 முதல் மாலை 3:30 வரை வருகிறார்கள். அந்த ஆறு மணி நேரத்தில் அவர்கள் முடிக்கும் வேலையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

பெங்களூரில் அலுவலகம் போட்டால் உங்கள் ஆளைக் கொத்திக்கொண்டு போகும் கம்பெனிக்குப் பக்கத்திலேயே போய் உட்காருகிறீர்கள். யோசியுங்கள்.

கணக்குப் பிள்ளை

நான் ஸ்டுடியோக்களுக்குக் கணக்கு பார்ப்பவன். சில விஷயம் மட்டும்.

பிளே ஸ்டோர் கணக்கு உங்கள் சொந்தப் பெயரில் இருந்தால் நிறுவனப் பெயருக்கு மாற்றுங்கள். அதற்கு டன்ஸ் (D-U-N-S) எண், அதாவது நிறுவனங்களுக்குத் தரப்படும் அடையாள எண் வேண்டும். 2023 நவம்பருக்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், ஆப்பை வெளியிடும் முன் 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனை (நாம் சேர்த்தவர்கள் மட்டும் ஆப்பைப் பயன்படுத்திப் பார்ப்பது) நடத்த வேண்டும். நிறுவனக் கணக்குக்கு அது இல்லை.

வெளிநாட்டுக்கு ஆர்ட் செய்துகொடுப்பது சேவை ஏற்றுமதி. ஜிஎஸ்டி பதிவு இருந்தால் ஒவ்வொரு நிதியாண்டும் எல்யூடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிக் கடிதம்) போட்டுவிடுங்கள், ஏற்றுமதிக்கு வரும் ஐஜிஎஸ்டி வரியைக் கட்டாமலே பில் போடலாம். கேமுக்குள் பொருள் விற்றால், கூகுள் 2021 ஜூலையில் ஆண்டுக்கு முதல் 10 லட்சம் டாலர் வரை தான் பிடிக்கும் பங்கை 15 சதவீதமாகக் குறைத்தது, அதற்குப் பதிவு செய்திருக்கிறீர்களா பாருங்கள். புதுத் தொழில்களுக்கு உதவும் தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன்-க்கு மதுரையிலேயே வட்டார மையம் இருக்கிறது. அவர்கள் தொடக்க நிலை நிறுவனங்களுக்குத் தரும் டான்சீட் மானியம் பற்றி நேரில் போய்க் கேளுங்கள்.

தாமிரபரணி

அண்ணா, நான் பாளையங்கோட்டை. 8 வருடமாகப் பெங்களூரில் கேம் புரோகிராமர். மேலே அக்கா சொன்ன ‘திரும்ப நினைப்பவர்’ நான்தான். வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போக மிஞ்சுவதைப் பார்த்தால், இப்போது வாங்குவதில் 65 சதவீதம் கிடைத்தாலே மதுரைக்கு வந்துவிடுவேன். ஆனால் வருடம் முழுக்க வாடிக்கையாளருக்குப் பட்டன் வரைந்து ஒட்டும் வேலை என்றால் வர மாட்டேன்.

இன்னொன்று. ஹில் கிளைம்ப் ரேசிங் விளையாடாத பையன் நம் ஊரில் உண்டா? அதைச் செய்த ஃபிங்கர்சாஃப்ட், பின்லாந்தின் தலைநகரத்தில் இல்லை. வடக்கே ஔலு என்ற ஊரில் இருக்கிறது. மக்கள்தொகை 2 லட்சத்தைச் சுற்றித்தான், மதுரையைவிட எவ்வளவோ சின்னது. 2012-ல் அந்த கேம் வந்தபோது அங்கே நோக்கியா ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தது. நிறுவனத்தைத் தொடங்கியவரே பெரும்பாலும் தனியாக உட்கார்ந்து செய்த கேம் அது.

வைகைக்கரை பிக்சல்

அக்கா, சந்தையில் அந்த அம்மாவைப் பார்த்ததாக எழுதிய வரியை எங்கள் 6 பேருக்கும் வாசித்துக் காட்டினேன். வாடிக்கையாளரிடம் நேற்று பேசினேன். வேலையை மூன்றாகப் பிரித்து, முதல் பகுதியை மட்டும் இப்போது எடுக்கிறோம். அதற்குப் புதிதாக 2 பேர் போதும். அதில் ஒருவரை 9:30 முதல் 3:30 வரை என்றே விளம்பரம் செய்யப்போகிறேன். அப்படிக் குறைந்த நேரம் வருபவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வேலையை எப்படிப் பங்கிட்டீர்கள் என்பதை மட்டும் தனியாக எழுதுங்கள்.

பல்லாங்குழியில் இதுவரை ஸ்டுடியோ பெயர் மட்டும்தான் இருந்தது. அடுத்த அப்டேட்டில் போய்விட்ட தம்பியின் பெயரையும் சேர்த்து எல்லோர் பெயரும் வருகிறது. சத்தத்துக்கு அப்பத்தா பெயர்.

தாமிரபரணி தம்பி, ஊருக்கு வரும்போது மாட்டுத்தாவணியில் இறங்குங்கள். பைக்கில் வந்து கூட்டிப்போகிறேன், பேசுவோம்.