கராஜ் கதவின் காலடியில் இருக்கும் அந்தக் கண்ணுக்கு என்ன பெயர்?

(மிசிசாகாவிலிருந்து)

நண்பர்களே,

போன வாரம் முழுக்க எங்கள் வீட்டுக் கராஜ் கதவோடு மல்லுக்கட்டினேன். சரிசெய்த பிறகு, இங்கே புதிதாக வீடு வாங்கியிருக்கும் மச்சானுக்கு எல்லாவற்றையும் தமிழில் எழுதி அனுப்பலாம் என்று உட்கார்ந்தால், ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். (கராஜைக் கராஜ் என்றே எழுதுகிறேன். வண்டிக்கொட்டகை என்றால் உள்ளே மாடு கட்டியிருப்பது போல இருக்கிறது. அந்தச் சண்டை இன்னொரு நாள்.)

கதை இதுதான். பொத்தானை அழுத்தினால் கதவு ஓரடி இறங்கும், நிற்கும், திரும்ப மேலே போய்விடும். கூரையில் தொங்கும் மோட்டார்ப் பெட்டியின் விளக்கு பத்துத் தடவை மினுக்கும். கையேட்டைப் புரட்டினால் பத்து மினுக்கலுக்கு நேரே "வழியில் தடை" என்று போட்டிருக்கிறது. தடைதானே என்று பனி அள்ளும் மண்வெட்டியை நகர்த்தினேன், பெருக்கினேன், சிலந்தி வலையைத் துடைத்தேன், தண்டவாளத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு அதே கதவு ஒழுங்காக மூடுகிறது! காலையிலும் மூடுகிறது. சாயங்காலம் மூன்றரையிலிருந்து நாலேகால் வரைதான் இந்த அடம்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டு வந்தவள், கதவோரம் நின்று, "இன்னும் முடியலையா?" என்றாள். நான் தரையில் குந்தியிருந்தேன். அவள் நிழல் வடக்குப் பக்கச் சட்டத்தின் மேல் விழுந்ததும், அதுவரை அணைந்திருந்த பச்சைப் பொட்டு விளக்கு பளிச்சென்று எரிந்தது. நகர்ந்தாள், அணைந்தது. அப்படியே நில்லு என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினேன், கதவு சமர்த்தாக இறங்கியது.

விஷயம் தெரியாதவர்களுக்கு: கதவின் இரண்டு பக்கமும் தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேல் போகாமல் ஆளுக்கொரு சின்னப் பெட்டி இருக்கும். ஒன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விட்டுக்கொண்டே இருக்கும், எதிரே இருப்பது அதை வாங்கிக்கொண்டே இருக்கும். வாங்குவது நின்றால் மோட்டார் கதவை இறக்காது. இறங்கும் கதவுக்கடியில் குழந்தைகள் சிக்கி இறந்ததால் வந்த ஏற்பாடு இது. 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டுக் கதவு மோட்டார்களில் இப்படி ஏதாவது ஒரு கூடுதல் காப்பு இருந்தே ஆகவேண்டும் என்று அமெரிக்காவில் விதி வந்தது. இங்கே கனடாவிலும் அதே சாதனங்கள்தான். அவ்வளவு தாழ்வாக வைப்பது, தவழும் பிள்ளையும் தரையில் படுத்திருக்கும் பிள்ளையும் தப்பிவிடக்கூடாது என்பதற்காக.

எங்கள் வாசல் மேற்கே பார்த்தது. டிசம்பரில் வெயில் தென்மேற்கிலிருந்து தரையோடு தரையாக வரும். வடக்குப் பக்கம் இருந்த வாங்கும் பெட்டி தெற்கே பார்த்துக்கொண்டிருந்ததால், அந்த நேரத்து வெயில் நேராக அதன் முகத்தில் அடித்திருக்கிறது. வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு, அதுவும் ஏராளமாக. அந்த வெள்ளத்தில் தனக்கு வரவேண்டிய துளியை அதனால் பிரித்தறிய முடியவில்லை. மோட்டாரின் மின்செருகியைப் பிடுங்கிவிட்டு இரண்டு பெட்டிகளையும் பக்கம் மாற்றி மாட்டினேன், நேர்கோட்டில் நிறுத்தினேன், தீர்ந்தது. ஜூனில் வெயில் வடமேற்கே போகும்போது மறுபடி வருமா என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். இதற்குத் "தடையுணரி" என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. அந்தப் பெட்டி தடையை உணர்வதே இல்லை. அது ஒளியை உணர்கிறது, ஒளி வராவிட்டால் தடை என்று எடுத்துக்கொள்கிறது. வெயில் அடித்தாலும், கம்பி அறுந்தாலும், பெட்டி கோணிக்கொண்டாலும் அதற்குத் தடைதான். தடை என்ற சொல்லை நம்பித்தான் நான் மூன்று நாள் மண்வெட்டியை இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். பழுது பார்க்கிறவனை வழிதவற விடாத ஒரு சொல் வேண்டும். "ஒளிவீசி", "ஒளிவாங்கி" என்று இரண்டுக்கும் தனித்தனியே வைத்தால் என்ன?

---

(ஸ்கார்பரோவிலிருந்து)

> "ஒளிவீசி", "ஒளிவாங்கி" என்று

அண்ணா, ஒளிவாங்கி வேண்டாம். எங்களுக்கு ஒலிவாங்கி என்றால் மைக். எழுத்தில் ல, ள வித்தியாசம் தெரியும், ஆனால் தொலைபேசியில் ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள், "கராஜில் மைக் எதற்கு?" என்று கேட்பார். கதிர்வீசி, கதிர்வாங்கி என்று வையுங்கள், குழப்பம் இராது.

அப்புறம், மச்சானுக்கு எழுதும்போது ஒன்றைச் சேர்த்து எழுதுங்கள். கதவு திரும்பி மேலே போனால் இந்தப் பெட்டிகளைப் பார்க்கலாம். கதவு பாரமாகி ஏறாமல் நின்றால் அது வேறு கதை, வாசலுக்கு மேலே குறுக்காக இருக்கும் முறுக்குச் சுருள்வில் உடைந்திருக்கக்கூடும். எங்கள் வீட்டில் அது உடைந்தபோது துப்பாக்கி வெடித்தது போலச் சத்தம். சாதாரணச் சுருள்வில்லைச் சுமார் 10,000 தடவை ஏறி இறங்கும் கணக்கில்தான் செய்கிறார்கள், ஒரு நாளைக்கு நாலு தடவை என்றால் ஏழு வருடம்கூட வராது. அதில் மட்டும் யாரும் கை வைக்கக்கூடாது, ஆளைக் கூப்பிட வேண்டியதுதான்.

முறுக்குச் சுருள்வில் என்ற சொல்லையும் நம் கலைச்சொல் பட்டியலில் போடுங்கள். முறுக்கு என்றதும் தின்கிற முறுக்கு ஞாபகம் வருகிறது என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். பள்ளியில் முறுக்கு ஊசல் படித்தவர்கள்தானே.

---

(கோவையிலிருந்து)

இங்கே எங்களுக்குக் கராஜ் கதவு கிடையாது, ஷட்டர்தான், அதுவும் பாதிப் பேருக்குக் கம்பியைப் போட்டு இழுக்கிற ஷட்டர். ஆனால் எங்கள் பட்டறை பிரஸ் மெஷினில் இதன் அண்ணன் இருக்கிறது. கை உள்ளே போனால் மெஷின் நின்றுவிடும். பையன்கள் "சென்சார் கட்டாயிருச்சு" என்பார்கள். கவனியுங்கள், அவர்களுக்கு அது ஒரு பெட்டி இல்லை, அறுபடக்கூடிய ஒரு பொருள். வாசலில் கயிறு கட்டி வைத்தது போல. அதனால் பெட்டிக்குப் பெயர் வைப்பதை விட நடுவில் ஓடுவதற்குப் பெயர் வைப்பதே முறை. என் ஓட்டு: ஒளிக்கயிறு.

---

(மிசிசாகாவிலிருந்து)

> பெட்டிக்குப் பெயர் வைப்பதை விட நடுவில் ஓடுவதற்குப் பெயர் வைப்பதே முறை

ஐயா, இது நூற்றுக்கு நூறு. எனக்குத் தோன்றவே இல்லை. பெயர் நடுவில் போய்விட்டால் பழுதும் தானாக வரிசைக்கு வருகிறது: கிளம்பவில்லையா, வழியில் மறிபட்டதா, போய்ச் சேர்ந்தும் வாங்கப்படவில்லையா. என் வீட்டில் நடந்தது மூன்றாவது.

ஆனால் ஒளிக்கயிறு என்றால் தீபாவளிக்குப் பால்கனியில் சுற்றுகிற பிளாஸ்டிக் குழாய் விளக்கு கண்ணில் வருகிறது. ஒளியிழை என்று ஒல்லியாக்கலாம் என்றால் அதை இணையக் கம்பிக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

ஸ்கார்பரோ நண்பர் தந்த கதிரை வைத்துக் "காவற்கதிர்" எனலாமா? காவலுக்கு நிற்கும் கதிர். அதை விடுவது கதிர்வீசி, பெறுவது கதிர்வாங்கி. ஒரு சிக்கல்தான், "கதிர் அறுந்தது" என்று எழுதினால் தஞ்சாவூர்ப் பக்கம் அறுவடை என்று நினைத்துக்கொள்வார்கள். அறுந்தது வேண்டாம், "மறிபட்டது" போதும்.

மச்சானுக்கு எழுதிய வரி இப்படி வருகிறது: "பத்து மினுக்கல் என்றால் காவற்கதிர் வாங்கிக்குக் கிடைக்கவில்லை என்று பொருள். முதலில் வாங்கியின் பச்சை விளக்கைப் பார், அதன் மேல் வெயில் அடித்தால் கையால் மறைத்துப் பார். அவசரத்துக்குச் சுவர்ப் பொத்தானைக் கதவு முழுக்க இறங்கும் வரை விடாமல் அழுத்திப் பிடித்தால் மூடிவிடும், ஆனால் அப்போது காவல் இல்லை, கண்ணை எடுக்காதே." தடை என்ற சொல் வரவே இல்லை பாருங்கள்.

---

(கோவையிலிருந்து)

சரி, காவற்கதிருக்கே என் ஓட்டையும் மாற்றிக்கொள்கிறேன். பட்டியலில் ஏற்றிவிட்டேன். புணர்ச்சியைப் பிரித்துக் "காவல்கதிர்" என்றும் பக்கத்தில் போட்டிருக்கிறேன், தேடுகிறவர்கள் அப்படித்தான் தட்டச்சு செய்வார்கள். முறுக்குச் சுருள்வில் ஏற்கெனவே இருக்கிறது. மோட்டாரின் தண்டவாளத்திலிருந்து தொங்குமே, கரண்ட் போனால் கதவை மோட்டாரின் பிடியிலிருந்து கழற்றிவிடச் சிவப்புக் கயிறு, அதற்கு யாரும் இன்னும் எதுவும் சொல்லவில்லை.