கள்ளிப்பால் கண்ணுல பட்டுருச்சு, வேலிய எடுத்துரலாமா?

உச்சிப்புளிக்காரன்:
எங்க தோட்டத்த சுத்தி அப்பா காலத்துல நட்ட திருகுகள்ளி வேலி, பச்சக் குச்சியா கொத்துக் கொத்தா நிக்கும்ல, அதான். நேத்து சாயங்காலம் பாதையில சாஞ்சத கழிச்சுவிட்டப்ப ஒரு கொப்பு தெறிச்சு பால் வலது கண்ணுல பட்டுருச்சு. எங்க போர் தண்ணி உப்பு, அத போய் கண்ணுல ஊத்துறதான்னு கேன் தண்ணி தேடி எடுத்து ரெண்டு தடவ கழுவுனேன். அப்ப லேசாத்தான் எரிஞ்சுச்சு. ராத்திரி 1 மணிக்கு மேல மண்ண அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தல், லைட்ட பாக்க முடியல. அத்தை தாய்ப்பால் விடச் சொல்றாக, விடலாமா? வீட்டுல சின்னப் பிள்ளைக வேற இருக்கு, வேலியவே எடுத்துரலாமான்னு யோசன.

நர்ஸக்கா:
தம்பி, தாய்ப்பாலும் வேணாம் வெளக்கெண்ணையும் வேணாம். மெடிக்கல்ல கேட்டு சொட்டு மருந்து வாங்கி விடுறதும் கூடாது. இந்தப் பால் பட்ட ஒடனே அவ்வளவா தெரியாது, மணிக்கணக்கு கழிச்சுத்தான் ஏறும், கருவிழியையே புண்ணாக்கிரும். இப்பவும் 15 நிமிஷம் தண்ணிய விட்டு கழுவிட்டு கெளம்புங்க. பட்ட அன்னிக்கே உப்புத் தண்ணியா இருந்தாலும் கலங்கல் இல்லேன்னா அதையே ஊத்திருக்கணும், நல்ல தண்ணி தேடுன நேரந்தான் கெடுத்துச்சு. கண்ண கசக்காதீக. இன்னைக்கே கண் டாக்டர், நாளைக்குன்னு தள்ளாதீக.

பனங்காட்டுவாசி:
அக்கா சொல்றதுதான். வேலிய மட்டும் அவசரப்பட்டு எடுக்காதீங்க, ஆடு மாடு வாய் வைக்காத வேலி நம்ம மணல்ல வேற என்ன நிக்குது சொல்லுங்க, கருவேலத்தத் தவிர. பிள்ளைக வெளையாடுற பக்கம் மட்டும் எடுத்தா போதும். வெட்டும்போது கண்ணாடி, முழுக்கை சட்ட, கையுறை, காத்து முதுகுப் பக்கம் இருக்கணும். கை சோப்பு போட்டு கழுவாம மூஞ்சியத் தொடக் கூடாது. வெட்டுனத எரிக்கவும் கூடாது, பொகையும் கண்ண அரிக்கும்.

உச்சிப்புளிக்காரன்:
போயிட்டு வந்துட்டேன். மஞ்சளா ஒரு மருந்த விட்டு நீல வெளிச்சத்துல பாத்தாக, கருவிழியில சிராய்ப்பு இருக்காம். சொட்டு மருந்து குடுத்துருக்காக, நாளைக்கும் வரணும். அத்தைக்கு கொஞ்சம் கோவம்.

பனங்காட்டுவாசி:
வெட்டுன கொப்பெல்லாம் எங்க போட்டீங்க? மண்ணுல கெடந்தா குச்சி குச்சியா வேர் விட்டுரும்.

உச்சிப்புளிக்காரன்:
ஊருணிக் கரையில. பிள்ளைக குளிக்கிற பக்கந்தான்... இந்தா தம்பிக்கு கூலிங் கிளாஸ மாட்டி அனுப்புறேன்.