தேக்கு சாய்வு நாற்காலி, சீன நாற்காலி, புது சோபா: ஒரே கூடத்தில் எப்படி வைப்பது?

யாங்கூன் மருமகள்:
வணக்கம். யாங்கூன் நகர மையத்தில் மாடி வீடு. இங்கே வழக்கமான அளவுதான், 12½ அடி அகலம், 50 அடி நீளம். தெருப்பக்கம் கூடம். கணவரின் தாத்தா காலத்துத் தேக்கு சாய்வு நாற்காலி ஒன்று (பிரம்புப் பின்னல், கை முன்னால் நீளும்), முத்துச்சிப்பி பதித்த கறுப்பு மரச் சீன நாற்காலி இரண்டு, புதிதாக வாங்கிய சாம்பல் நிற சோபா, ஒரு கண்ணாடி மேசை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே அழகு. சேர்த்து வைத்தால் பழைய சாமான் கடை மாதிரி இருக்கிறது. மரச் சாமான் எல்லாவற்றுக்கும் வெள்ளை பெயின்ட் அடித்துவிடலாம் என்கிறார் கணவர். அதைக் கேட்டதிலிருந்து மாமியார் அவரோடு சரியாகப் பேசுவதில்லை. என்ன செய்யலாம்?

மோல்மேன் தச்சர் மகன்:
தங்கச்சி, முதலில் அந்த பெயின்ட் டப்பாவை ஒளித்து வையுங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. நன்றாகத் துடைத்துத் தயார் செய்யாமல் அடித்தால் மழைக்காலத்தில் உரிந்து வரும். சிப்பி வேலையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.
நிறம் இங்கே பெரிய பிரச்சினை இல்லை, உயரம்தான் என்று நினைக்கிறேன். தரையிலிருந்து உட்காரும் இடம்வரை ஒவ்வொன்றும் எத்தனை அங்குலம்? மேசை எவ்வளவு? சாய்வு நாற்காலியின் கையை முழுக்க நீட்டினால் எவ்வளவு இடம் பிடிக்கிறது?

யாங்கூன் மருமகள்:
சோபா 16. சீன நாற்காலி 19½. சாய்வு நாற்காலி முன்பக்கம் 15, பின்னால் இன்னும் இறக்கம். மேசை 20. கையை நீட்டினால் நாற்காலி மொத்தம் 5 அடி வருகிறது அண்ணே.

மோல்மேன் தச்சர் மகன்:
பார்த்தீர்களா! நடு மேசை சோபா இருக்கைக்குச் சமமாகவோ ஓரிரண்டு அங்குலம் தாழ்வாகவோ இருக்க வேண்டும். உங்களுடையது 4 அங்குலம் தூக்கி நிற்கிறது. கண்ணாடி மேசையை வேறு அறைக்குக் கொண்டுபோங்கள். தாழ்வான மர மேசை ஒன்று போதும்.
அப்புறம் அகலத்தைக் கணக்குப் பாருங்கள். சோபா 3 அடி, மேசைக்கு முன் இடைவெளி 1½, மேசை 2, நடக்க 2½. ஆக 9 அடி போய்விட்டது. மிச்சம் 3½ அடியில் 5 அடி நாற்காலியை எதிரே போட்டால் யார் கால் நீட்டுவது? அதைத் தெரு ஜன்னல் பக்கம் கொஞ்சம் சாய்த்துத் தனியாக விடுங்கள். சீன நாற்காலி இரண்டும் எதிர்ச் சுவரோரம், நடுவில் சின்ன மேசையோடு. சீனர் வீட்டுக் கூடத்தில் ஜோடியாக அப்படித்தான் வைப்பார்கள். சுவரிலிருந்து 2 அங்குலமாவது தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்.

மாண்டலே அக்கா:
உயரம் சரி. ஆனால் அது மட்டும் போதாது. ஒரே நிறமோ ஒரே பொருளோ கூடத்தில் இரண்டு மூன்று இடத்தில் வந்தால்தான் கண்ணுக்கு ஒட்டும். சோபா பக்கம் ஒரு பிரம்புக் கூடை, மேசைமேல் பகான் ஊரில் செய்யும் கறுப்பும் சிவப்புமான அரக்குப் பூச்சுத் தட்டு. கறுப்பு அங்கேயும் வந்துவிட்டால் சீன நாற்காலி தனியாகத் துருத்தாது. அரக்குச் சாமானை மட்டும் நேர் வெயிலில் வைக்காதீர்கள், வெடிக்கும்.
சோபாவுக்கும் தேக்குக்கும் பகையே இல்லை. நேர்க்கோட்டு சோபாக்கள் டென்மார்க் சாயல். 1950களில் அவர்களே நாற்காலிகளைத் தேக்கில்தான் நிறையச் செய்தார்கள். சிக்கல் சீன நாற்காலியில்தான். என்னைக் கேட்டால் ஒன்றைப் படுக்கையறைக்கு அனுப்பிவிடுவேன்.

மோல்மேன் தச்சர் மகன்:
ஜோடியைப் பிரிக்க நான் சம்மதிக்கமாட்டேன் அக்கா. ஒன்று மட்டும் நின்றால் இன்னும் அநாதையாகத் தெரியும்.

டவுன்டவுன் தம்பி:
விளக்கையும் பாருங்க அக்கா. நீலம் கலந்த வெள்ளை எல்இடி போட்டால் தேக்கு மங்கித்தான் தெரியும். 2700 கெல்வின் என்று பெட்டியில் இருக்கும், மஞ்சள் கலந்த வெளிச்சம், அதை வாங்குங்கள்.

யாங்கூன் மருமகள்:
ஜோடியைப் பிரிக்கவில்லை, மாமியார் கட்சி பலமாக இருக்கிறது. இடம் மாற்றியதிலேயே பாதி சரியாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே நிற வார்னிஷாவது அடிக்கலாமே என்று இவர் இன்னும் விடவில்லை. சாய்வு நாற்காலியின் கையில் தேநீர் கிளாஸ் வைத்த வெள்ளை வளையம் வேறு. பின்னலும் தொய்ந்திருக்கிறது.

மோல்மேன் தச்சர் மகன்:
ஒரே நிறம் வேண்டாம். தேக்கும் கறுப்பு மரமும் நன்றாக வேறுபட்டு நிற்பதுதான் அழகு. ஏறக்குறைய ஒரே நிறம் என்றால்தான் பொருந்தாததுபோல் தெரியும்.
அடியில் தெரியாத இடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். பாலிஷ் பிசுபிசுத்து இளகினால் அது ஷெல்லாக், ஸ்பிரிட்டில் கரையும் பழைய காலத்துப் பாலிஷ். வெள்ளை வளையம் பெரும்பாலும் மேல் பூச்சில் ஏறிய ஈரம்தான், மரம் கெடவில்லை. ஷெல்லாக் என்றால் அந்த இடத்துக்கு மட்டும் அதே பாலிஷ் போட்டால் போதும்.
பின்னல் இழை அறுந்திருந்தால் ஆள் வைத்துத்தான் பின்ன வேண்டும். வெறும் தொய்வு என்றால் நாற்காலியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் வெந்நீர் நனைத்த துணியை அரை மணி நேரம் போட்டு வையுங்கள். பிரம்பின் பளபளப்பான மேல்பக்கம் தண்ணீர் குடிக்காது, அடிப்பக்கம்தான் குடிக்கும். பாலிஷ் போட்ட சட்டத்தில் நீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு நிழலில் காய விடுங்கள், காய்ந்ததும் இறுகும். ஈரம் போகும்வரை மாமியாரையும் உட்கார விடாதீர்கள்.