'விர்த்தூ'வுக்குத் தமிழில் என்ன சொல்?

வணக்கம். இத்தாலிய அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லி 1513இல் எழுதிய 'இளவரசன்' நூலைத் தமிழாக்கி வருகிறேன். தலைவனின் திறமை, துணிவு, முன்யோசனை எல்லாம் சேர்ந்த பண்பைக் குறிக்கும் 'விர்த்தூ' (virtù) என்ற ஒற்றை இத்தாலியச் சொல் பல நாளாக என்னை நகரவிடவில்லை.

ஏழாம் அத்தியாயத்தில் இத்தாலியப் படைத்தலைவன் சேசரே போர்ஜா, தான் கைப்பற்றிய ரொமாஞா பகுதியை அடக்க அனுப்பிய தன் அதிகாரியையே இரு துண்டாக்கிச் செசேனா நகரச் சதுக்கத்தில் கிடத்துகிறான். அருகில் ஒரு மரக்கட்டை, இரத்தம் தோய்ந்த கத்தி. மக்களுக்குத் திகைப்பு, கூடவே மனநிறைவு. அந்தப் போர்ஜாவிடமும் 'விர்த்தூ' உண்டு என்கிறார் ஆசிரியர். இங்கே 'அறம்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. 'ஆற்றல்' சப்பென்று இருக்கிறது. வேர்ச்சொல்லுக்கு 'ஆண்மை' நெருக்கம்தான், ஆனால் இன்று வேறு பொருள் தந்துவிடும்.

ஆசிரியர் வெள்ளத்துக்கு ஒப்பிடும் 'ஃபோர்த்தூனா'வுக்கு (அதிர்ஷ்டம், விதி) 'ஊழ்' அழகாகப் பொருந்திவிட்டது. அதற்கு முன்கூட்டியே கரை கட்டும் 'விர்த்தூ'வுக்கு இணையான சொல் எது? நூல் முழுதும் ஒரே சொல்லா, இடத்துக்கேற்ப மாற்றலாமா? இத்தாலியம் அறிந்தவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.