செவ்வொளிச் சிகிச்சையா, செவ்வொளியூட்டலா?

உவர்மலையிலிருந்து:
அன்புடையீர், வணக்கம். எமது முதியோர் சங்கத்துக்காக இரண்டு பக்கத் துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தமிழாக்குகின்றேன். வெள்ளிக்கிழமை காலை அது அச்சகத்துக்குப் போயாக வேண்டும். சிவப்பு விளக்குப் பலகைக்கு முன்னால் பத்து நிமிடம் அமர்ந்தால் மூட்டுவலி, தோற்சுருக்கம், தூக்கமின்மை யாவும் நீங்கும் என்று விற்கிறார்களே, அந்த முறைக்கு என்ன பெயர் இடுவது? 'ரெட் லைட் தெரபி' என்றே எழுதிவிடுங்கள் என்கிறான் மகன். எனக்கு மனம் ஒப்பவில்லை.

திருக்கடலூரிலிருந்து:
அம்மா, செம்மையும் ஒளியும் புணர்ந்தால் ஈறு போய், மகரம் வகரமாகத் திரிந்து, அது இரட்டித்துச் செவ்வொளி ஆகும், இதில் ஐயமில்லை. சிக்கல் 'தெரபி'யில்தான். சிகிச்சை வடசொல், பண்டுவம் நம்மிடம் இருக்கையில் கடன் எதற்கு? பண்டு என்னும் பழமைப் பொருளிலிருந்தே, பாட்டன் பூட்டன் கைவழி வந்த வைத்தியம் என்ற கருத்தில், அச்சொல் பிறந்தது என்று நெடுங்காலமாக எண்ணி வருகின்றேன். 'செக்கர்ப் பண்டுவம்' என்றால் இன்னும் அழகு. திருகோணமலை உள்துறைமுகத்தின் மேல் அந்தி சிவப்பதைக் கண்டவர்களுக்கு விளக்கமே வேண்டியதில்லை.

கிண்ணியாவிலிருந்து:
ஐயா, பண்டுவம் பண்டிதத்தின் திரிபாகவும் இருக்கலாம். அப்படியானால் வடமொழியை வாசலில் மறித்துவிட்டுக் கொல்லைப்புறத்தால் உள்ளே விட்டவர்களாவோம். அந்தியொளியும் இதுவும் ஒன்றல்ல. இங்கே பயன்படுவது ஏறத்தாழ 630 முதல் 670 நனோமீற்றர் வரையான சிவப்பும், 810 முதல் 850 வரையான, கண்ணுக்குப் புலப்படாத செங்கீழ்க் கதிரும்தான். இது சூட்டினால் வேலை செய்வதன்று. ஆகவே கன்னியா வெந்நீர் ஊற்றோடோ, வைத்தியசாலையில் முதுகுக்குப் பிடிக்கும் சூட்டு விளக்கோடோ குழப்பலாகாது. கலத்துக்குச் சக்தி ஆக்கித் தரும் இழைமணியில் உள்ள நொதியம் ஒன்று ஒளியை உறிஞ்சுகிறது என்பதே பெரிதும் சொல்லப்படும் விளக்கம். 1967இல் புடாபெஸ்ட்டில் எந்திரே மெஸ்தர், மயிர் மழித்த எலித்தோலில் லேசர் ஒளி பட்டபோது மயிர் விரைந்து முளைத்ததைக் கண்டார். துறை அங்கிருந்துதான் வளர்ந்தது. ஆய்வாளர் இன்று வழங்கும் பெயரைப் பெயர்த்தால் 'ஒளி உயிரியற் பண்பேற்றம்' என வரும். பண்பேற்றம் வானொலிக்குரிய சொல்லாதலால், தம் உடம்பில் அலைவரிசை பிடிக்கப் போகிறார்கள் என்று முதியவர்கள் அஞ்சக்கூடும். 'செவ்வொளிச் சிகிச்சை' எல்லாருக்கும் விளங்கும்.

நிலாவெளியிலிருந்து:
விளங்குவதுதான் எனக்கு அச்சம். சிகிச்சை என்றதும் நோய் தீரும் என்ற பொருள் கூடவே வந்துவிடுகிறது. புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க மருத்துவ வழிகாட்டிகள் இம்முறையை ஏற்றுள்ளன. பொது உடல்நலம், தூக்கம் என்று வரும்போது சான்று மெலிந்துவிடுகிறது. செம்மைக்குச் சீர், நேர்மை என்ற பொருள்களும் இருப்பதால் விற்பவருக்கு அந்த அடைமொழியே பாதி விளம்பரம். 'செவ்வொளியூட்டல்' போதும்.

திருக்கடலூரிலிருந்து:
ஊட்டுவது வாய்க்கல்லவா?

நிலாவெளியிலிருந்து:
பாதத்துக்குச் செம்பஞ்சு ஊட்டினார்களே, ஐயா. அங்கே வாய் எங்கிருந்து வந்தது?

உவர்மலையிலிருந்து:
வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. எழுதிய எட்டுப் பேரில் ஐவர் சிகிச்சை என்றதால் தலைப்பில் அதுவே செல்கின்றது; ஊட்டல் முதற்பக்கத்தில் ஒருமுறை வரும். பண்டுவத்துக்கு இடம் கிடைக்கவில்லை, பொறுத்தருள்க.

நிலாவெளியிலிருந்து:
அச்சுப்படி பார்த்தேன். 'வைத்தியர் தந்த மருந்தை நிறுத்த வேண்டாம்' என்ற வரி இரண்டாம் பக்கத்தின் அடியில் எறும்பெழுத்தில் கிடக்கின்றது. தலைப்பிலோ 'சிகிச்சை' விரற்கடை உயரம் நிற்கின்றது. அந்த வரியையாவது பெரிதாக்கச் சொல்லுங்கள், அம்மா. என் மறுப்பு அப்படியே இருக்கட்டும்.